மார்க்கெட்டிங்காரர்கள் சி.இ.எஸ் கண்காட்சிக்கு ஏன் போக வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு ஜனவரியும் அமெரிக்காவின் லாஸ் வேகஸில் நடக்கும் சி.இ.எஸ் (கன்ஸ்யூமர் எலக்ட்ரானிக்ஸ் ஷோ), உலகின் மிகப் பெரிய தொழில்நுட்பக் கண்காட்சிகளில் ஒன்று. பிராண்டு டீம்களிலும் விளம்பர ஏஜென்சிகளிலும் வேலை பார்ப்பவர்கள் அதைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

சி.இ.எஸ் என்பது என்ன? யார் நடத்துகிறார்கள்?

அமெரிக்காவின் நுகர்வோர் தொழில்நுட்பச் சங்கம் நடத்தும் வர்த்தகக் கண்காட்சி அது. கூடவே ஒரு மாநாடும் நடக்கும். 1967 ஜூனில் நியூயார்க்கில் தொடங்கியது. முதல் முறை வந்தவர்கள் 17,500 பேர். 1978 முதல் 1994 வரை ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியில் லாஸ் வேகஸிலும் ஜூனில் சிகாகோவிலும் நடந்தது. 1998 முதல் ஆண்டுக்கு ஒரு முறை, லாஸ் வேகஸில் மட்டும். 2020இல் 1,70,000 பேருக்கு மேல் வந்தார்கள். கொரோனாவால் 2021இல் முழுக்க இணையவழியில் நடத்தினார்கள். 2025இல் கூட்டம் மறுபடி 1,40,000ஐத் தாண்டியது. ஸ்டால் போட்ட நிறுவனங்கள் 4,500க்கு மேல்.

பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், இந்தத் துறையோடு தொழில்ரீதியாகத் தொடர்பு இருக்கிறது என்றும் காட்ட வேண்டும். வேடிக்கை பார்க்கும் கூட்டம் இதனால் பெரிதும் வடிகட்டப்படுகிறது. வரிசையில் உங்கள் பக்கத்தில் நிற்பவர் ஒரு சில்லறைச் சங்கிலியின் கொள்முதல் அதிகாரியாக இருக்கலாம், சிப் நிறுவனப் பொறியாளராக இருக்கலாம். பேச்சுக் கொடுங்கள்.

அது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் கூடும் இடம். மார்க்கெட்டிங் ஆளுக்கு அங்கே என்ன வேலை?

விளம்பரம் இப்போது கருவிக்குள்ளேயே குடியேறிவிட்டது. இதுதான் என் முழு பதில். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

டிவியை எடுத்துக்கொள்வோம். முன்பு டிவி செய்பவர் பெட்டியை விற்றுவிட்டு ஒதுங்கிவிடுவார். விளம்பர நேரத்தைச் சேனல்காரர்களிடம்தான் வாங்க வேண்டும். இன்று சாம்சங், எல்ஜி இரண்டுமே தங்கள் டிவித் திரையில் விளம்பரம் விற்கின்றன. விஜியோ என்ற அமெரிக்க டிவி நிறுவனத்துக்கு ஒரு கட்டத்தில் டிவி விற்றுக் கிடைத்த மொத்த லாபத்தைவிட, விளம்பரமும் பார்வையாளர் தரவும் விற்றுக் கிடைத்த லாபம் பெரிதாகிவிட்டது. அந்த நிறுவனத்தை வாங்குவதாக 2024 பிப்ரவரியில் வால்மார்ட் அறிவித்தது. விலை 230 கோடி டாலர். பலசரக்குக் கடைக்காரருக்கு டிவி கம்பெனி எதற்கு? வீட்டில் என்ன விளம்பரம் ஓடியது, அதன்பின் கடையில் என்ன வாங்கினார்கள் என்ற இரண்டும் ஒரே கையில் சேர்வதற்குத்தான்.

இதற்கெல்லாம் அடிப்படை, திரையில் ஓடுவதைத் தானாக அடையாளம் காணும் ஏ.சி.ஆர் என்ற நுட்பம். இதே விஜியோ 1.1 கோடி டிவிகளிலிருந்து மக்களின் ஒப்புதல் இல்லாமல் பார்வைத் தரவைச் சேகரித்ததாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டு, 2017இல் 22 லட்சம் டாலர் கட்டச் செய்தது. மீடியா பிளானில் 'கனெக்டட் டிவி' (இணையத்தோடு இணைந்த டிவி) என்று ஒரு வரி எழுதும் ஒவ்வொருவரும் அந்தத் தரவு எப்படி வருகிறது, ஒப்புதல் எங்கே கேட்கப்படுகிறது என்று டிவி செய்பவரையே கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்க சி.இ.எஸ் டிவி அரங்கைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஃபிரிட்ஜும் அப்படித்தான். கதவில் பெரிய திரை வைத்த 'ஃபேமிலி ஹப்' ஃபிரிட்ஜை சாம்சங் அறிமுகப்படுத்தியது 2016 சி.இ.எஸ்ஸில். அமெரிக்காவில் அந்தத் திரையில் சோதனையாக விளம்பரம் வரத் தொடங்கியது 2025இல். நடுவே ஒன்பது ஆண்டுகள்! அந்தத் திரையில் ஒருநாள் யாரோ விளம்பரம் போடுவார்கள், வாடிக்கையாளர் அதற்கு எரிச்சல்படுவார் என்பதை முதல் நாளே யோசித்து வைக்க வேண்டியவர்கள் நாம்தான். விளம்பரம் எங்கே வர வேண்டும், எங்கே வரவே கூடாது என்று சொல்லும் பொறுப்பு நம் தொழிலுக்கு இருக்கிறது. கருவி வடிவமைக்கப்படும்போதே அதைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

நாங்கள் சோப்பும் ஷாம்பூவும் விற்கிறோம். எங்களுக்குமா?

சோப்பு விற்கிற பி அண்ட் ஜி நிறுவனமே 2019இல் சி.இ.எஸ்ஸில் ஸ்டால் போட்டது. அடுத்த ஆண்டு அங்கே புதிய ஓரல்-பி மின் பல்துலக்கியைக் காட்டியது. 2024இல் லோரியல் தலைமைச் செயல் அதிகாரி நிக்கோலா யெரோனிமஸ் அங்கே முக்கிய உரை ஆற்றினார். அழகுசாதன நிறுவனம் ஒன்றுக்கு அந்த மேடை கிடைத்தது அதுவே முதல் முறை. டிராக்டர் செய்யும் ஜான் டீர், விமானம் ஓட்டும் டெல்டா, கடை நடத்தும் வால்மார்ட் எல்லாமே அந்த மேடை ஏறிவிட்டன. 2019இல் இம்பாசிபிள் ஃபுட்ஸ் தன் சைவ பர்கரின் புதிய வடிவத்தை அறிமுகம் செய்யத் தேர்ந்தெடுத்த இடமும் சி.இ.எஸ்தான்.

இவர்கள் ஆசைக்காக வரவில்லை. தொழில்நுட்பச் செய்தியாளர்கள் மொத்தமாகக் கூடும் இடத்தில் ஒரு பல்துலக்கி வித்தியாசமாகத் தெரியும். மருந்துக்கடைப் பொருள் கண்காட்சியில் அது இன்னொரு பல்துலக்கி. வழக்கமாக உங்களை எதிர்பார்க்காத அரங்கில் போய் நிற்பது பழைய, நல்ல உத்தி.

இந்தியச் சந்தையில் வேலை செய்பவருக்கு லாஸ் வேகஸ் அறிவிப்பால் என்ன பயன்?

2016 ஜனவரி 6ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். சி.இ.எஸ் மேடையில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனர் ரீட் ஹேஸ்டிங்ஸ் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த வீடியோ சேவை 130க்கும் மேற்பட்ட புதிய நாடுகளில் திறக்கப்பட்டது. அவற்றில் இந்தியாவும் ஒன்று. மாதக் கட்டணம் 500 ரூபாயில் தொடங்கியது. அன்று முதல் சென்னையில் உட்கார்ந்து டிவி விளம்பரத் திட்டம் போட்ட ஒவ்வொருவரின் வேலையும் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. விளம்பரமே இல்லாத சேவை ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டது, அப்புறம் மற்றவர்களும் வந்தார்கள்.

எல்லாம் நேரலையில் வருகிறதே. விமானம் ஏறித்தான் ஆக வேண்டுமா?

முக்கிய உரைகளுக்காக மட்டும் என்றால் வேண்டாம். வீட்டிலிருந்தே நன்றாகப் பார்க்கலாம். வரிசையில் நிற்கும் நேரமும் மிச்சம்.

நேரலை காட்டாத விஷயங்கள் வேறு. எந்த ஸ்டாலில் கூட்டம் தேங்குகிறது, எதை எல்லோரும் கடந்து போகிறார்கள்? விளக்கிக் காட்டும் இளைஞர் முதல் வாக்கியத்தில் என்ன சொல்கிறார், கேட்பவர் முகம் எந்த வார்த்தையில் மலர்கிறது? ஒரே பொருளை கொரிய நிறுவனமும் சீன நிறுவனமும் எந்தெந்தச் சொற்களில் விற்கின்றன? இதெல்லாம் காசு கொடுத்தாலும் கிடைக்காத சந்தை ஆய்வு. ஒரு ஸ்டாலின் ஓரமாக அரை மணி நேரம் சும்மா நின்று கவனித்தால் போதும், நம் விளம்பர வாசகங்களில் பாதியை அடித்து எழுதத் தோன்றும்.

அமேசானின் குரல் உதவியாளரான அலெக்ஸா நல்ல எடுத்துக்காட்டு. 2017இல் அமேசான் பெரிய ஸ்டால் எதுவும் போடவில்லை. ஆனால் எல்ஜி ஃபிரிட்ஜில் அலெக்ஸா, ஃபோர்டு காரில் அலெக்ஸா, ஹுவாவே போனில் அலெக்ஸா. அரங்கங்களை நடந்து பார்த்தவர்களுக்கு அது கண்கூடாகத் தெரிந்தது. தனித்தனிச் செய்திக்குறிப்புகளாகப் படித்தவர்களுக்கு அத்தனை பேரும் ஒரே குரலை வாங்கிப் போட்டிருக்கிறார்கள் என்ற மொத்தக் காட்சி கிடைத்திருக்காது.

அங்கே காட்டுவதில் பாதி சந்தைக்கே வருவதில்லையே? அதைப் போய்ப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

உண்மைதான். தோற்றவையும் நிறைய. 2010இல் எந்த டிவி ஸ்டாலுக்குப் போனாலும் முப்பரிமாணக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். 2017 வாக்கில் எல்ஜியும் சோனியும் அந்த டிவிகளையே நிறுத்திவிட்டன. 2020 மேடையில் குவிபி என்ற கைபேசி வீடியோ சேவையைப் பெரிய பெயர்கள் சேர்ந்து விளக்கிக் காட்டினார்கள்; ஏப்ரலில் தொடங்கி அந்த ஆண்டு முடிவதற்குள் மூடிவிட்டார்கள். 2024இல் ராபிட் ஆர்1 என்ற 199 டாலர் ஏ.ஐ கருவிக்கு ஒரே நாளில் 10,000 முன்பதிவுகள். கைக்கு வந்து பயன்படுத்திப் பார்த்தவர்கள் எழுதிய விமர்சனங்களோ கடுமையாக இருந்தன.

மார்க்கெட்டிங் ஆட்கள் இவற்றை விழுந்து விழுந்து படிக்க வேண்டும். மூன்றிலும் மேடையில் கொடுத்த வாக்குறுதி, வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் பழக்கத்தோடு ஒட்டவில்லை. வீட்டில் ஐந்து பேர் கண்ணாடி மாட்டிக்கொண்டு டிவி பார்ப்பார்களா என்ற கேள்வியை அரங்கிலேயே யாரும் கேட்டிருக்கலாம்.

எதிர்ப்பக்கக் கதை ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1983இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்து, கடைக்காரர்கள் விற்காத சரக்கோடு கையைச் சுட்டுக்கொண்டார்கள். வீடியோ கேம் என்றாலே ஆர்டர் கொடுக்க மறுத்தார்கள். அந்த நேரத்தில் ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனமான நிண்டெண்டோ 1985 தொடக்கத்தில் சி.இ.எஸ்ஸுக்கு ஒரு கருவியைக் கொண்டுவந்தது, வரவேற்பு இல்லை. ஜூனில் சிகாகோ சி.இ.எஸ்ஸுக்கு மறுபடி வந்தபோது அதன் தோற்றமும் பெயரும் மாறியிருந்தன. 'வீடியோ கேம்' என்ற சொல்லைத் தவிர்த்துப் 'பொழுதுபோக்கு அமைப்பு' என்றார்கள். கேசட்டை வி.சி.ஆர் மாதிரி முன்பக்கமாகச் செருகும்படி பெட்டியை வடிவமைத்தார்கள். கூடவே ராப் என்ற சிறு ரோபோ. அதைப் பார்த்தால் கடைக்காரருக்கு இது பொம்மை வகை என்று தோன்றும். அப்போதும் தயங்கிய நியூயார்க் கடைகளுக்கு, விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று உறுதி கொடுத்தார்கள். அந்த அக்டோபரில் நியூயார்க்கில் விற்பனை தொடங்கியது. அமெரிக்காவில் வீடியோ கேம் தொழிலே அதில்தான் மீண்டெழுந்தது.

இந்த மாற்றங்களுக்குப் பின்னால் இருந்தது கடைக்காரரின் பயத்தைக் கேட்டறிந்த காது. கண்காட்சி அதற்குத்தான்: வாங்க மறுப்பவரின் காரணத்தை நேருக்கு நேர் கேட்பதற்கு.

அப்படியானால் நாங்களும் ஸ்டால் போட வேண்டுமா?

முதல் ஆண்டு வேண்டாம் என்பேன். முதலில் பார்வையாளராகப் போங்கள். ஸ்டாலுக்குள் நிற்பவரால் அடுத்த ஸ்டாலைக்கூடப் பார்க்க முடியாது.

புதிய நிறுவனம் என்றால் வெனிஷியன் எக்ஸ்போவில் 'யுரேகா பார்க்' என்ற பகுதி இருக்கிறது. 2025இல் அங்கே சுமார் 1,400 ஸ்டார்ட்அப்கள். சின்ன மேஜை, பின்னால் ஒரு பலகை, அவ்வளவுதான். பெரிய நிறுவனங்களின் ஆட்கள் அங்கே வந்து மேய்வது வழக்கம் என்பதால் சிறியவர்களுக்கு அது நல்ல பேரம்.

பெரிய பிராண்டுகள் 2019இல் ஆப்பிள் செய்ததைப் பார்க்க வேண்டும். ஆப்பிள் அங்கே ஸ்டால் போடுவதில்லை. அந்த ஆண்டு மாநாட்டு மையத்துக்கு அருகில் ஒரு ஹோட்டல் கட்டடத்தின் பக்கச் சுவர் முழுக்க, உங்கள் ஐபோனில் நடப்பது உங்கள் ஐபோனோடு இருக்கும் என்ற பொருளில் ஒரு விளம்பரம் வைத்தது. வேகஸில் நடப்பது வேகஸோடு போகும் என்ற அந்த ஊரின் பிரபல வாசகத்தைத் திருப்பிப் போட்டது. உள்ளே ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் தரவு சேகரிக்கும் கருவிகளைக் காட்டிக்கொண்டிருக்க, வெளியே அந்தரங்கம் பற்றி ஒரே வரி. அந்த வாரம் பத்திரிகைகள் அதைப் பற்றித்தான் எழுதின.

சி ஸ்பேஸ் என்கிறார்களே, அது என்ன?

ஏரியா ஹோட்டலை மையமாக வைத்து விளம்பரம், ஊடகம், மார்க்கெட்டிங் துறையினருக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதி. பெரிய விளம்பரத் தளங்களும் ஸ்ட்ரீமிங் நிறுவனங்களும் ஏஜென்சிகளும் அங்கே அறைகளை எடுத்துச் சந்திப்புகளை நடத்துகின்றன. வருடத்தின் விளம்பரப் பேரங்கள் பலவற்றுக்கு அங்கேதான் முதல் பேச்சு.

போங்கள், ஆனால் அங்கேயே தங்கிவிடாதீர்கள். நம் ஆட்கள் நாள் முழுக்க ஏரியாவில் நம் ஆட்களையே பார்த்துப் பேசிவிட்டு, கருவிகள் இருக்கும் அரங்குக்குள் கால் வைக்காமல் திரும்புவதுண்டு. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம். அதே சந்திப்பை மும்பையிலோ நியூயார்க்கிலோ எந்த மாதமும் வைத்துக்கொள்ளலாம். பொருளை உருவாக்கிய பொறியாளரை அதன் பக்கத்திலேயே நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் வாய்ப்பு அரங்கில்தான்.

அந்தப் பொறியாளரிடம் என்ன கேட்பது?

இது யாருக்காகச் செய்யப்பட்டது? இணையம் போனால் எவ்வளவு வேலை செய்யும்? என்ன தரவு சேர்கிறது, எங்கே போகிறது? எந்த விலைக்கு, எந்த நாட்டில், எப்போது? போன வருடம் காட்டியது என்ன ஆயிற்று? கடைசிக் கேள்வியை மரியாதையாகக் கேளுங்கள். மிகப் பயனுள்ள பதில்கள் அதற்குத்தான் வரும். பதிலை அப்போதே எழுதி வையுங்கள். மாலைக்குள் எல்லாம் கலந்துவிடும்.

டீமில் யாரை அனுப்புவது?

தலைவர் ஒருவர், அவரோடு களத்தில் வேலை செய்யும் இளையவர் ஒருவர். தலைவர் மட்டும் போனால் விருந்துகளோடு முடிந்துவிடும். விளம்பர வாசகம் எழுதும் காப்பிரைட்டரை அனுப்புங்கள் என்றும் சொல்வேன். பொருளைத் தொட்டுப் பார்த்து எழுதிய வரிக்கும் பிரீஃப் படித்து எழுதிய வரிக்கும் வித்தியாசம் தெரியும்.

செலவு, விசா?

அரங்கைச் சுற்றிப் பார்க்கும் பாஸ் முன்கூட்டியே எடுத்தால் மலிவு, தேதி நெருங்க நெருங்க விலை ஏறும். மாநாட்டு அமர்வுகளுக்கான பாஸ் தனி. அது ஆயிரம் டாலரைத் தாண்டும், எல்லோருக்கும் அது தேவையில்லை. பெரிய செலவு விமானமும் ஹோட்டலும்தான். அந்த வாரம் லாஸ் வேகஸில் அறை வாடகை பல மடங்கு ஏறும், ஆகவே கோடையிலேயே பதிவு செய்துவிடுங்கள். இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு அமெரிக்க பி1 விசா வேண்டும். நேர்காணல் தேதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடலாம் என்பதால், போவதென்று முடிவான அன்றே விசா வேலையைத் தொடங்குவது நல்லது.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு?

பார்சிலோனாவின் மொபைல் வேர்ல்டு காங்கிரஸ், துபாயின் ஜைடெக்ஸ், டெல்லியில் 2017 முதல் நடக்கும் இந்தியா மொபைல் காங்கிரஸ் என்று வேறு வாசல்கள் இருக்கின்றன. தமிழக அரசு 2023இல் சென்னையில் தொடங்கிய யுமாஜின் மாநாடு வீட்டுப் பக்கத்திலேயே நடக்கிறது. நுகர்வோர் கருவிகளைப் பொறுத்தவரை சி.இ.எஸ்ஸுக்கு இவை மாற்று ஆகாது. ஆனால் ஸ்டால் ஸ்டாலாக நின்று கேட்கும் பழக்கத்தை இங்கேயே தொடங்கலாம்.

நான்கு நாட்களை எப்படித் திட்டமிடுவது?

மூன்று இடங்கள்: லாஸ் வேகஸ் மாநாட்டு மையம், வெனிஷியன் எக்ஸ்போ, ஏரியா. ஒன்றுக்கொன்று நடந்து போய் வருவது சிரமம். ஒரு நாளைக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொண்டால் பஸ் வரிசையில் நேரம் போகாது. மாநாட்டு மையத்தின் அரங்குகளுக்கு இடையே சுரங்கப் பாதையில் கார்கள் ஓடுகின்றன, பயன்படுத்திக்கொள்ளுங்கள். பழகிய ஷூ போடுங்கள், புதியது வேண்டாம். பாலைவன ஊர்தானே என்று மெல்லிய சட்டையோடு போய்விடக் கூடாது. ஜனவரி இரவு நன்றாகக் குளிரும்.

சந்திப்புகளை முதல் இரண்டு நாட்களில் முடித்துவிட்டுக் கடைசி நாளை காலியாக வையுங்கள். பலர் அன்று காலையே ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், கூட்டம் பாதியாகும். மூன்று நாள் மனப்பாடமாகப் பேசிக் களைத்த ஸ்டால் ஆட்கள் அன்றுதான் உட்கார்ந்து பேசுவார்கள். எது வேலை செய்யவில்லை, வந்தவர்கள் எதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், அடுத்த வருடம் எதை விட்டுவிடப் போகிறோம் என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். மாலை நாலு மணிக்கு அரங்கை மூடிவிடுவார்கள், ஆகவே காலையிலேயே போய்விடுங்கள்.